தலைகீழாய்ப் பொருத்திய தோள்

செயற்கை மூட்டுகளின் வரலாறு – அத்தியாயம் 9

1893-ஆம் ஆண்டு. பாரிஸில் ரொட்டி சுட்டுப் பிழைத்த 37 வயதுத் தொழிலாளி ஒருவரின் தோளில் காசநோய் இறங்கியிருந்தது. மேற்கை எலும்பின் தலைப்பகுதி அரித்துப்போய், மூட்டைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. தோளோடு கையை எடுத்துவிடலாம் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட யோசனை. அவர் சம்மதிக்கவில்லை. மாவு பிசைகிறவருக்குக் கை போவதும் பிழைப்பு போவதும் ஒன்றுதான்.

அவருக்கு வாய்த்தவர் ழூல் எமில் பெயான். அன்றைய பாரிஸில் அவரைவிடப் பெயர் பெற்ற அறுவை மருத்துவர்கள் சிலரே. ரத்தக் குழாயைக் கவ்வி அடைக்கும் இடுக்கியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1879-இல் புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கத் துணிந்தவர். அவர் அறுவை செய்யும் காட்சியை துலூஸ் லோத்ரெக் ஓவியமாகவே தீட்டியிருக்கிறார். நோயாளி கையை விடமாட்டேன் என்றதும், அழுகிய எலும்பை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை மூட்டு ஒன்றை வைத்துப் பார்ப்பது என்று பெயான் முடிவு செய்தார்.

மூட்டைச் செய்து கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். பெயர் ஜே. போர்ட்டர் மைக்கேல்ஸ். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் எச்சிலில் ஊறியும் கெடாத உலோகம் எது, ரப்பர் எது என்று கைப்பட அறிந்தவர்கள் அந்நாளில் பல் மருத்துவர்கள்தான். மேற்கை எலும்பின் மேல்பாதிக்குப் பதிலாக ஒரு பிளாட்டினக் குழாய். அதன் உச்சியில், பாரஃபினில் வேகவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர் உருண்டை. உருண்டையில் ஒன்றுக்கொன்று குறுக்கே இரண்டு பள்ளங்கள் வெட்டி, அவற்றில் இரண்டு உலோக வளையங்களை ஓடவிட்டார். ஒரு வளையம் தோள் எலும்போடும் மற்றொன்று குழாயோடும் பிணைந்திருந்தன. கை எந்தெந்தத் திசையில் அசைய வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அந்த மூட்டு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கை அசைந்தது. ஆனால் சீழ் ஓயவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து அதை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

பெர்லினில் தெமிஸ்டோக்ளீஸ் க்ளுக் 1890-இல் யானைத் தந்தத்தில் மூட்டுகள் கடைந்து, காசநோய் தின்ற முழங்கால்களில் பொருத்தியதை முந்தைய அத்தியாயம் ஒன்றில் பார்த்தோம். அவருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. இரண்டு பேருடைய கைவண்ணத்திலும் குறை சொல்ல முடியாது. கிருமி குடியிருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், அவ்வளவுதான். இன்றும் தோள் மாற்று அறுவைக்கு நாள் குறிக்கும் முன்னால், ஆறாத புண் உண்டா, சீழ் வைத்த பல் உண்டா, சிறுநீரில் தொற்று உண்டா என்று துருவித் துருவிக் கேட்பதற்கு இந்தப் பழைய தோல்விகள்தான் அடிப்படை. சில மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிப்போடும்போது குடும்பத்தார் சலித்துக்கொள்வதைப் பார்க்கிறோம். சலிக்க வேண்டாம்.

தோளின் வரலாறு இடுப்பின் வரலாற்றைவிட ஏன் இவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதற்கு விடை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இடுப்பில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் பந்து பெரிது. அதைத் தாங்கும் குழியோ சிறிது, ஆழமும் இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியை வாயில் கவ்வி, அதில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்தப் பழம் நிற்பதுபோலத்தான் மேற்கை எலும்பின் தலை தோள் எலும்பின்மேல் நிற்கிறது. அதை விழாமல் பிடித்து வைத்திருப்பவை, மூட்டைச் சுற்றி உறைபோலப் படர்ந்த நான்கு தசைகளின் நாண்கள். மருத்துவர்கள் ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து ‘தோள்ல ஜவ்வு கிழிஞ்சிருக்காம்’ என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

இந்த நான்குக்கும் மேலே, தோளுக்கு உருண்டை வடிவம் தரும் டெல்டாய்டு தசை இருக்கிறது. கையைத் தூக்கும் பெரும்பலம் அதனுடையது. ஆனால் அது இழுப்பது மேல்நோக்கி. அப்படி இழுக்கும்போது பந்து மேலே எகிறிவிடாமல் அந்த நான்கு தசைகளும் குழியோடு அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து உழைத்தால்தான் கை தலைக்கு மேலே போகும். இதனால் தோளில் எலும்புக்கு மாற்று வைப்பது பாதி வேலைதான். தசைகளை யார் கணக்கில் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்பதைத் தொடர்ந்து போனால் இந்த வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

பெயானுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் தோளில் செயற்கை மூட்டு என்ற பேச்சே ஏறக்குறைய இல்லை. மூட்டு அழிந்தால் கெட்ட எலும்பை வெட்டி எடுத்துவிட்டுக் கையைத் தொங்கவிடுவார்கள். இல்லையென்றால் மேற்கை எலும்பையும் தோள் எலும்பையும் ஒன்றாக ஒட்டவைத்து மூட்டையே இல்லாமல் செய்வார்கள். இரண்டாவது வழியில் வலி போகும், அசைவும் போகும். காசநோய்க்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் அதைத்தான் செய்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் ஒருவரைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமோரி காட்மன். அவர் மூட்டு எதையும் உருவாக்கவில்லை. 1934-இல் தோள்பட்டையைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கிழிந்த தசைநாணைப் பற்றி அதில் அவர் எழுதியவை பின்னால் வந்த அனைவருக்கும் அடித்தளம் ஆயின. குனிந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அறுவை முடிந்தவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளில் அதுவும் ஒன்று. இதையெல்லாம்விடப் பெரியது அவர் எழுப்பிய கோரிக்கை. அறுவை செய்த ஒவ்வொருவரையும் குறைந்தது ஓராண்டு கழித்து அழைத்துப் பார்க்க வேண்டும், குணமானாரா இல்லையா என்று எழுதி வைக்க வேண்டும், தோல்வியையும் மறைக்காமல் வெளியிட வேண்டும் என்றார். சக மருத்துவர்கள் இதை விரும்பவில்லை. 1914-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். தன் சொந்த மருத்துவமனையில் தன் தவறுகளைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தது பகைதான்.

இனி நியூயார்க். சார்லஸ் நியர் 1917-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் வினிட்டா ஊரில் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் பணியாற்றியபோது ஒருவகை எலும்பு முறிவு அவரைத் தொந்தரவு செய்தது. கீழே விழுந்ததில் மேற்கை எலும்பின் கழுத்து முறிந்து, தலை தனியாகக் கழன்று இடம் மாறிப் போயிருக்கும். ரத்த ஓட்டம் அறுந்த அந்தத் துண்டை எடுத்து எறிந்துவிடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று நியரும் சக மருத்துவர்களும் தேடிப் பார்த்து 1953-இல் எழுதினார்கள். வலியும் பலவீனமுமாக, ஒன்றுக்கும் உதவாத கைகளோடு இருந்தார்கள் என்பதே அந்தக் கட்டுரையின் சாரம்.

எடுத்த தலைக்குப் பதில் உலோகத் தலை வைத்தால் என்ன என்று நியர் நினைத்தார். அவர் தேர்ந்தெடுத்தது வைட்டாலியம் என்ற கோபால்ட்-குரோமியக் கலவை. இதுவும் பல் மருத்துவத்துக்காக 1930களில் உருவானதுதான். இடுப்புக் கிண்ணத்துக்கு ஸ்மித்-பீட்டர்சன் இதைப் பயன்படுத்தியதை நினைவுகூரலாம். எலும்பின் குடைவுக்குள் இறங்கும் தண்டு, அதன்மேல் இயற்கையான தலையை அப்படியே ஒத்த வளைவு. 1955-இல் பன்னிரண்டு பேருக்குப் பொருத்தியதன் விளைவை வெளியிட்டார். ஏறத்தாழ எல்லோருக்கும் வலி குறைந்திருந்தது.

முறிவுக்காகச் செய்தது மெல்ல மெல்லத் தேய்மானத்துக்கும் வந்தது. 1974-இல், மூட்டுத் தேய்மானத்துக்காக மாற்றிய 48 தோள்களின் கணக்கை நியர் வெளியிட்டார். அதற்குள் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்புக்குக் கொண்டுவந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும் எலும்பு சிமென்ட்டும் உலகெங்கும் பரவிவிட்டன. நியர் தோள் எலும்பின் குழிக்கும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் செய்து சேர்த்தார். உலோகப் பந்து, பிளாஸ்டிக் குழி: முழுத் தோள் மாற்று என்று இன்று நாம் சொல்வதன் மூல வடிவம் இதுதான். இயற்கை அமைப்பை அப்படியே பின்பற்றுவதால் உடற்கூற்று முறை என்று பெயர்.

நியரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர் தசைகளுக்குக் கொடுத்த மரியாதை. திறந்த தசைநாணை எப்படித் தைப்பது, எந்த நாளில் எந்தப் பயிற்சி என்பதற்கு அவர் எழுத்தில் உலோகத்துக்குச் சமமான இடம் இருந்தது. நான்கு தசைநாண்களும் நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு அவருடைய மூட்டு அருமையாக வேலை செய்தது. அவை கிழிந்து நைந்து போனவர்களுக்கு வேலை செய்யவில்லை. அவர்களிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது, வலி குறைந்தால் போதும் என்று குறைந்த இலக்கு வைத்துப் பயிற்சி தர வேண்டும் என்று அவரே வகுத்துச் சொன்னார்.

கிழிந்தவர்களின் நிலை பரிதாபமானது. கீழே பிடித்து வைக்க ஆளில்லாததால் டெல்டாய்டு இழுக்க இழுக்க எலும்பின் தலை மேலே ஏறித் தோளின் கூரை எலும்பில் போய் முட்டும். முட்டித் தேய்ந்து மூட்டே சிதையும். இந்தச் சிதைவுக்கு 1983-இல் தனிப்பெயர் கொடுத்து விவரித்தவரும் நியர்தான். இப்படிப்பட்டவர்கள் கையைத் தூக்க முயன்றால் தோள்தான் காதுவரை ஏறும்; கை நெஞ்சுயரத்துக்குக்கூட வராது. சட்டை மாட்ட ஒருவர், தலை வார ஒருவர் என்று பிறர் கையை எதிர்பார்த்தே அவர்களின் முதுமை கழிந்தது.

இவர்களுக்காக 1970களில் பலர் முயன்றார்கள். தசை பிடிக்காவிட்டால் மூட்டே பிடித்துக்கொள்ளட்டும் என்று பந்தையும் கிண்ணத்தையும் ஒன்றோடொன்று கழலாதபடி பூட்டிச் செய்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டான்மோர் மருத்துவமனையின் லெட்டினும் ஸ்கேல்ஸும் ஒன்று செய்தார்கள். கெசல் வேறொன்று செய்தார். பந்தைத் தோள் எலும்பிலும் கிண்ணத்தைக் கையிலுமாகத் தலைகீழாக இடம் மாற்றி வைத்தார். நியரும் அதே போல மூன்று வடிவங்களைச் செய்து பார்த்தார். எல்லாம் தளர்ந்தன, கழன்றன, உடைந்தன. காரணம் எளிது. பந்தை ஒரு கழுத்தின் மேல் தோள் எலும்பிலிருந்து வெளியே நீட்டி வைத்தார்கள். கை அசையும் ஒவ்வொரு முறையும் அந்த நீட்டம் நெம்புகோலாகி, எலும்பில் பதித்த திருகாணியைப் பிடுங்கப் பார்த்தது. தோள் எலும்பில் திருகாணி பிடிக்கக் கிடைப்பதே கொஞ்சம் எலும்புதான். நியர் தன் மூன்று வடிவங்களையும் கைவிட்டார். தலைகீழ் மூட்டு என்றாலே கெட்ட யோசனை என்ற முடிவுக்கு உலகம் வந்துவிட்டது.

பிரான்சின் திஜோன் நகரத்தில் ஒருவர் மட்டும் அந்த முடிவை ஏற்கவில்லை. பால் கிராமோன். லியோனில் பயிற்சி பெற்ற எலும்பு மருத்துவர். தோளில் இயங்கும் விசைகளை ஒரு பொறியாளரைப்போல அளந்து பார்க்கும் மனப்போக்கு கொண்டவர். அவர் கேட்ட கேள்வி முன்னவர்கள் கேட்காதது. நான்கு தசைகளும் போய்விட்டன, திரும்பி வரப்போவதில்லை. மிச்சம் இருப்பது டெல்டாய்டு ஒன்றுதான். அது ஒன்றை மட்டுமே நம்பி கை தூக்க வேண்டும் என்றால் மூட்டு எப்படி இருக்க வேண்டும்?

1985-இல் அவர் பொருத்தத் தொடங்கிய மூட்டிலும் பந்து தோள் எலும்பில், கிண்ணம் கையில். ஆனால் பந்துக்குக் கழுத்து இல்லை. முதல் வடிவில் முழு உருண்டையின் மூன்றில் இரண்டு பங்கும், சில ஆண்டுகளில் சரிபாதியும் எடுத்து, நேராக எலும்பின் முகத்தில் ஒட்டி உட்கார வைத்தார். இதனால் கை சுழலும் மையம் எலும்பின் முகப்புக்கே வந்துவிட்டது. பிடுங்கிய விசை இப்போது பந்தை எலும்போடு அழுத்தும் விசையாக மாறியது. மையம் உள்ளே நகர்ந்ததால் டெல்டாய்டு இழுக்கும் நெம்புகோலின் நீளம் கூடியது. முன்பு கையைத் தூக்க உதவாத அதன் முன்பின் இழைகளும் தூக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தன. மேற்கை எலும்பைச் சற்றுக் கீழே இறக்கி வைத்ததால் தளர்ந்து கிடந்த டெல்டாய்டு இழுபட்டு விறைப்பாகியது. உள்ளது ஒரே தசை. அதனிடமிருந்து பெறக்கூடியதை எல்லாம் பெற்றுவிட்டார்.

1987-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில் எட்டுப் பேர்தான். எல்லோருக்கும் வலி போயிருந்தது. கை உயர்ந்த அளவு ஆளுக்கு ஆள் மாறியது; சிலருக்கு நன்றாக, சிலருக்குக் கொஞ்சமாக. வடிவத்தைத் திருத்தி, சிமென்ட்டை விட்டுத் திருகாணிக்கு மாறி, 1991-இல் டெல்டா 3 என்ற பெயரில் வெளியே கொண்டுவந்தார். பிரெஞ்சு மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சிர்வோ தலைமையிலான குழு 2004-இல் 80 தோள்களைப் பற்றி எழுதியது. அறுவைக்கு முன் சராசரியாக 73 பாகை மட்டுமே உயர்ந்த கை, அறுவைக்குப் பின் 138 பாகை உயர்ந்தது. 96 விழுக்காட்டினருக்கு வலி அறவே இல்லை அல்லது மிகக் குறைவு. நெஞ்சுக்குக் கீழே நின்ற கை தலையைத் தொட்டது என்று அதற்குப் பொருள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 இறுதியில்தான் அனுமதி தந்தது. ஐரோப்பாவில் பத்தாண்டுக்கு மேல் வழக்கத்தில் இருந்த ஒன்றுக்காக அமெரிக்க நோயாளிகள் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது.

எழுபது வயதைத் தாண்டிய, தசைநாண் அறுந்தவர்களுக்கென்று கிராமோன் செய்தது, இன்று தோள் மாற்று செய்துகொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வைக்கப்படும் மூட்டாகிவிட்டது. முதியவர்களின் மேற்கை எலும்பின் மேல்முனை நான்கு துண்டாக நொறுங்கினாலும் இப்போது இதைத்தான் வைக்கிறார்கள்.

வரலாறு இங்கே நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேர்கிறது. தோளில் மாற்று மூட்டு வேண்டும் என்று ஒருவருக்குச் சொல்லப்பட்டால் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நியருடையதா கிராமோனுடையதா என்பதே. அந்தப் பெயர்களில் கேட்க வேண்டியதில்லை; இயற்கை முறையா, தலைகீழ் முறையா என்று கேட்டால் போதும். தசைநாண் நன்றாக இருந்து, எலும்புக் குழியும் அதிகம் சிதையாமல் இருந்தால் முதலாவது. நாண் கிழிந்திருந்தால் இரண்டாவது. எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன்கள் எடுப்பது இதைத் தீர்மானிக்கத்தான். டெல்டாய்டுக்குப் போகும் நரம்பு செத்திருந்தால் தலைகீழ் மூட்டும் பயன்படாது. அதனால்தான் மருத்துவர் தோளின் மேல் விரலை வைத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொல்லித் தசை இறுகுகிறதா என்று பார்க்கிறார்.

அவசரப்பட்டுச் செய்ய வேண்டிய அறுவை இது அன்று, எலும்பு முறிந்தவர்கள் நீங்கலாக. மாத்திரை, பயிற்சி, ஊசி எல்லாம் பார்த்தும் இரவில் புரண்டு படுக்க முடியாத வலி நிற்கும்போதுதான் பெரும்பாலோர் இதற்கு வருகிறார்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதமாவது இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது.

அறுவையன்று பெரும்பாலும் முழு மயக்கத்தோடு கழுத்தின் பக்கவாட்டில் ஒரு மரப்பு ஊசியும் போடுவார்கள். கை முழுவதும் அரைநாள், சில சமயம் ஒருநாள் வரை மரத்துக் கிடக்கும். விழித்ததும் கை தன்னுடையதாகவே தோன்றாது, பலர் பயந்துபோகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் இல்லை. இந்த ஊசி மூச்சுக்கான நரம்பையும் சில மணி நேரம் தொடுவதால் நுரையீரல் நோய் உள்ளவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நோயாளியைச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் வைத்து, தோளின் முன்புறம் அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலாகத் திறப்பார்கள். டெல்டாய்டை வெட்டாமல் அதற்கும் மார்புத் தசைக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகவே உள்ளே போகிறார்கள். முன்புறத் தசைநாணை மட்டும் விடுவித்துப் பிறகு திரும்பத் தைக்கிறார்கள். இரண்டு மணி நேரம்போல ஆகும். ஓரிரு இரவுகளில் வீட்டுக்குப் போகலாம்.

கடினமான காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தைத்த நாண் எலும்போடு ஒட்ட ஆறு வாரம் ஆகும். அதுவரை, நான்கிலிருந்து ஆறு வாரம், கை ஸ்லிங்கில் இருக்கும். உலோகமும் எலும்பும் முதல் நாளே உறுதியாகத்தான் இருக்கின்றன, காத்திருப்பது தசைக்காக. வலி குறைந்துவிட்டதே என்று மூன்றாம் வாரத்திலேயே கையை வீசி நாணை அறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நாற்காலியிலிருந்து எழும்போது அந்தக் கையை ஊன்றக் கூடாது. தரையில் உட்கார்ந்து எழும் பழக்கமுள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் வைக்க வேண்டும். தலைகீழ் மூட்டு வைத்தவர்களுக்குக் கையைப் பின்னால் கொண்டுபோய் ஊன்றும் அந்த நிலையில்தான் மூட்டு நழுவும் ஆபத்து அதிகம். மல்லாந்து, முழங்கைக்கடியில் தலையணை வைத்துப் படுக்க வேண்டும். முதல் சில வாரம் சாய்வு நாற்காலியில் தூங்குவதே சுகமாக இருக்கும்.

ஊசலாட்டம், பிறகு மற்றக் கையின் துணையோடு தூக்குவது, பிறகு தானே தூக்குவது, கடைசியாகப் பலம் சேர்ப்பது. இந்த வரிசையில் மூன்று மாதத்தில் வீட்டு வேலைகள் திரும்பும். முன்னேற்றம் ஓராண்டு வரைகூடத் தொடரும். இரவு வலி போவதைப் பெரும்பாலோர் முதல் சில வாரங்களிலேயே உணர்கிறார்கள்.

தலைகீழ் மூட்டில் கை முன்னால் உயரும். பின்னால் போவது கடினம். இதை எல்லோரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். உள்ளாடையின் பின்கொக்கி, வேட்டியைப் பின்னால் செருகுவது, முதுகு தேய்ப்பது எல்லாம் சிரமப்படும். மலம் கழித்தபின் கழுவுவதும் இதில் அடக்கம். இடது தோளில் செய்துகொள்ளப்போகிறவர்கள் இதை வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு தோளிலும் செய்ய வேண்டியவர்களுக்கு இது இன்னும் பெரிய கேள்வி. எடை தூக்குவதில் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று மருத்துவருக்கு மருத்துவர் வரம்பு வேறுபடும். தண்ணீர்க் குடமும் காஸ் சிலிண்டரும் இனி அந்தக் கைக்கு வேண்டாம் என்பதில் வேறுபாடு இல்லை.

கெடுதல்களில் முதலாவது தொற்று. நூறில் ஓரிருவருக்கு வருகிறது. தோளில் இதற்குக் காரணமாகும் கிருமிகளில் முக்கியமானது முகப்பருவோடு தொடர்புடைய கியூட்டிபாக்டீரியம். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் குடியிருப்பது. காய்ச்சலோ சீழோ காட்டாமல் மாதக்கணக்கில் மெல்ல வளரும். ஆய்வகத்தில் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். நன்றாக இருந்த தோள் காரணமில்லாமல் மீண்டும் வலித்தால் பரிசோதிக்க வேண்டும் என்பது இதனால்தான். தலைகீழ் மூட்டில் டெல்டாய்டு இழுத்து இழுத்துத் தோளின் கூரை எலும்பில் விரிசல் விழுவதும் உண்டு. இயற்கை முறையில் பலவீனமான பகுதி பிளாஸ்டிக் கிண்ணம். பந்து அதன் ஓரத்தில் மாறி மாறி அழுத்த, எதிர் ஓரம் தூக்கிக்கொண்டு ஆண்டுகள் போகப்போகத் தளர்ந்துவிடுகிறது. நியர் காலத்தில் தொடங்கிய இந்தத் தொல்லை இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

அப்படியிருந்தும், பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது தோள்களுக்கு மேல் மறு அறுவை இல்லாமல் நீடிக்கின்றன. இந்தக் கணக்கை நாம் சொல்ல முடிவதே, பல நாடுகள் ஒவ்வொரு செயற்கை மூட்டையும் தேசியப் பதிவேட்டில் எழுதி ஆண்டுதோறும் பின்தொடர்வதால்தான். பிரிட்டனின் பதிவேடு 2012-இல் தோளையும் சேர்த்துக்கொண்டது. எந்த மூட்டு எந்த ஆண்டில் எத்தனை பேருக்குத் தோற்றது என்பதை இன்று அங்கே யாரும் படிக்கலாம். காட்மன் பதவியைத் துறக்க நேர்ந்தது இதைக் கேட்டதற்காகத்தான். அவர் இறந்தது 1940-இல்.

ஐம்பது வயதில் தோள் தேய்ந்தவருக்கு என்ன வைப்பது என்பது மட்டும் இன்னும் சிக்கலாகவே இருக்கிறது. பிளாஸ்டிக் கிண்ணம் அவர் ஆயுளுக்கு வராது. தலைகீழ் மூட்டு தோற்றால் அடுத்து வைக்க எலும்பு போதாது. தண்டில்லாத சிறு மூட்டுகள், கார்பன் பூசிய பந்துகள் என்று முயற்சிகள் நடக்கின்றன. அவற்றை மூட்டுப் பொருட்களைப் பற்றிய அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம். அதற்கு முன், வடிவமைப்பாளர்களைத் தோளைவிட அதிகம் படுத்திய முழங்கைக்கு அடுத்த இதழில் போகிறோம்.

(தொடரும்)